இருட்டுக்காகக் காத்திருக்கும் முட்டைகள்

வெள்ளவத்தையில் ரயில் பாதையைக் கடந்து கடலோரம் இறங்கினால் மணலைவிடக் கல்தான் கண்ணில் படும். கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல் ஒரு பக்கம். கரைக்குச் சமாந்தரமாக நீருக்குள் ஓடும் மணற்கற்பாறைத் திட்டுகள் இன்னொரு பக்கம். தென்மேற்குப் பருவக்காற்று தொடங்குவதற்கு முன், கடல் அடங்கியிருக்கும் மாதங்களில், தெஹிவளை, கல்கிசைப் பக்கம் முகமூடி மாட்டிக்கொண்டு இப்படிப்பட்ட திட்டுகளுக்கு மேலே மிதப்பவர்கள் ஒரு மீனைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். உள்ளங்கை நீளம், மஞ்சள் பூசிய முதுகு, உடலில் ஐந்து கறுப்புப் பட்டைகள். ‘சார்ஜன்ட் மேஜர்’ என்று பெயர். கூட்டமாகத் திரியும் இந்த மீன்களில் ஒன்று மட்டும் தனித்து நின்று, ஒரே கல்லைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும். அதன் உடலில் நீலம் ஏறியிருந்தால் பக்கத்துக் கல்லை உற்றுப் பார்க்க வேண்டும். செவ்வூதா நிறத்தில் ஏதோ பூசியிருப்பதாகத் தெரியும். அது ஆயிரக்கணக்கான முட்டைகள், இடைவெளியில்லாமல் ஒட்டியிருப்பது.

காவலுக்கு நிற்பது ஆண். பெண் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். வேறு மீன் கிட்ட வந்தால் ஆண் பாய்ந்து விரட்டும். மனிதக் கை நீண்டால் கையையும் கொத்தும். அது கொஞ்ச நேரம் விலகினால் போதும், சுற்றுவட்டாரத்து மீன்கள் கூடி முட்டைப் பரப்பை மேய்ந்துவிடும். அதே இனத்து மீன்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கும்.

இத்தனை பாடுபட்டுக் காத்த முட்டைகளில் ஒன்றுகூட இந்தக் கல்லில் வளரப்போவதில்லை. பொரித்த இரவே குஞ்சுகள் நீரோட்டத்தோடு போய்விடும். பாறை மீன்களின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் வினோதமாகப் படுவது இதுதான். வளர்ந்த மீன் பெரும்பாலும் ஒரு சிறு பரப்பைத் தாண்டாது. அதன் குழந்தைப் பருவமோ கரையே தெரியாத திறந்த கடலில் கழிகிறது. முருகைக்கல்லைக் காப்பாற்றினால் மீன் தானாக வந்துவிடும் என்று நாம் பேசிக்கொள்வதில் பாதிதான் உண்மை. முருகைக்கல் வளர்ந்த மீனின் வீடு. குஞ்சின் உயிர் இருப்பது வெறும் நீரில், அதுவும் பெரும்பாலும் மேல் மட்டத்து நீரில். அந்த நீருக்கு யாரும் வேலி போடுவதில்லை.

*

இலங்கைக் கடலுக்கும் பாறை மீன்களைப் பற்றிய அறிவியலுக்கும் உள்ள உறவு பழையது. ஜோன் விட்சர்ச் பென்னெட் என்ற ஆங்கிலேயர் இங்கே அரசு உத்தியோகத்தில் இருந்தபோது கரையோர மீன்களைச் சேகரித்து, வண்ணப் படங்களோடு ஒரு நூல் வெளியிட்டார். 1828 முதல் 1830 வரை பகுதி பகுதியாக வந்த அந்த நூலில்தான் கிளார்க் கோமாளி மீன் முதன்முதலாகப் பெயர் பெற்றது. கரிய உடல், மூன்று வெள்ளைப் பட்டை, மஞ்சள் வாய், மஞ்சள் துடுப்பு. பாரசீக வளைகுடாவிலிருந்து ஜப்பான் வரை பரவியுள்ள இந்த மீனை அறிவியல் உலகம் அறிந்தது இலங்கை மாதிரியைக் கொண்டுதான்.

கோமாளி மீன் குடும்பத்தில் பெண்தான் பெரியது, பெண்தான் தலைமை. எல்லாக் குஞ்சும் முதலில் ஆணாகவே முதிரும். பெண் இறந்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும். 1977இல் ஃபிரிக்கே தம்பதி இதை ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். கடற்சாமந்தியின் கொட்டும் விரல்களுக்குள் இவை பாதுகாப்பாக வாழ்வது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதன் அடியில் நடப்பது அவ்வளவாகத் தெரியாது.

முட்டையிடுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே ஆண் மீன் சாமந்தியின் காலடியில் ஒரு கல்முகத்தைத் தேர்ந்தெடுத்து, பாசியைக் கொத்திக் கொத்திச் சுத்தமாக்கும். பிறகு பெண் வயிற்றைக் கல்லில் உரசியபடி வளைந்து வளைந்து நகரும். ஆண் பின்னாலேயே வந்து விந்தைப் பாய்ச்சும். முட்டை உருண்டையல்ல, நீள்வட்டம்; இரண்டு முதல் மூன்று மில்லிமீற்றர். ஒரு முனை நூல்போன்ற இழைகளால் கல்லில் ஒட்டியிருக்கும், மறுமுனை நீரில் ஆடும். விரலால் நீரை அசைத்தால் முழுப் பரப்பும் சாய்ந்து எழும். முதல் நாள் நிறம் பளிச்சென்ற செம்மஞ்சள். அது கருவூணின் நிறம்.

இரண்டாம், மூன்றாம் நாளில் முளையத்தின் உருவம் தெரியத் தொடங்கும். இதயம் துடிப்பதை ஒரு சாதாரண உருப்பெருக்கியில் பார்க்கலாம். இந்தக் கட்டத்தில் முளையம் ஒரு குட்டிக்கரணம் போடும். அதுவரை கல்லை நோக்கியிருந்த தலை, சுழன்று நீரில் ஆடும் முனைக்கு வந்துவிடும். கருவூண் குறையக் குறைய செம்மஞ்சள் கறுக்கும். பிறகு கண்கள். முதலில் இரண்டு கரும்புள்ளி, கடைசி நாட்களில் வெள்ளிப் பளபளப்பு. அப்போது முட்டைப் பரப்பைப் பார்ப்பவரை நூற்றுக்கணக்கான சோடிக் கண்கள் திருப்பிப் பார்க்கும்.

ஆண் மீனுக்கு இந்த வாரம் முழுக்க ஓய்வில்லை. மார்புத் துடுப்பால் ஓயாமல் விசிறுகிறது. முளையம் பெருக்கப் பெருக்க அதற்கு வேண்டிய ஒட்சிசன் கூடுவதால் விசிறலும் கூடும். கெட்டுப்போன முட்டை வெள்ளையாகிவிடும். அதை வாயால் பிடுங்கித் தின்றுவிடும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பக்கத்து முட்டைகளுக்கும் பரவும். தகப்பனை எடுத்துவிட்டு முட்டையைத் தொட்டியில் பொரிக்க வைக்க முயல்பவர்கள் காற்றுக் குமிழியால் இதே வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

*

28 பாகை செல்சியஸ் நீரில் ஏழாம் அல்லது எட்டாம் நாள் குஞ்சு தயார். ஆனால் அது பகலில் வெளியே வராது. சூரியன் மறைந்து, இருட்டு நன்றாக இறங்கி, ஓரிரு மணி நேரத்துக்குள் எல்லா முட்டையும் ஏறக்குறைய ஒன்றாகப் பொரிக்கும். முட்டை ஓட்டை இளக்கும் நொதியம் சுரக்கிறது, குஞ்சு வாலை அடித்து உடைத்துக்கொண்டு வருகிறது. நான்கு மில்லிமீற்றருக்கும் குறைவான, கண்ணாடித் துண்டு மாதிரியான உடல். பாறையைச் சுற்றிப் பகலெல்லாம் பிளாந்தன் தின்னும் ஆயிரம் வாய்கள் அப்போது தூங்கப் போயிருக்கும். அதற்குள் குஞ்சு மேலே எழும்பி ஆழ்கடல் பக்கம் போயாக வேண்டும்.

நாளைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பசிபிக்கிலுள்ள எனிவெட்டோக் தீவில் ஜெரால்ட் அலன் பார்த்த கோமாளி மீன்கள் பெரும்பாலும் பௌர்ணமியை ஒட்டியே முட்டையிட்டன. நம் ஊர்க் கணக்கில் சொன்னால், போயா தினத்தில் இட்ட முட்டை அடுத்த வாரம் பொரிக்கும்போது தேய்பிறை நடந்துகொண்டிருக்கும். நிலவு நள்ளிரவையொட்டித்தான் எழும். அந்தி முதல் நள்ளிரவு வரை நல்ல இருட்டு. முட்டையிட்ட இரவுகளிலோ நிலவு வெளிச்சம் காவலுக்கு உதவலாம். எல்லா இடத்திலும் எல்லா இனமும் இந்த நாட்காட்டியைப் பின்பற்றுவதில்லை. வெப்பக் கடலில் ஆண்டு முழுக்க முட்டையிடும் சோடிகள் உண்டு. மாதத்தின் நாள் மாறினாலும் நாளின் பொழுது மாறுவதில்லை. பொரிப்பது இருட்டில்தான்.

சரி, இருட்டே வராவிட்டால்? 2019இல் எமிலி ஃபோபர்ட்டும் கூட்டாளிகளும் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் சோடிகளில் சிலவற்றுக்கு வழக்கமான பகல் இரவு. மற்றவற்றுக்கு இரவு முழுக்கத் தொட்டிக்கு மேல் ஒரு விளக்கு, சுமார் 26 லக்ஸ். விளக்கின் கீழ் வாழ்ந்த சோடிகளும் முட்டையிட்டன, முட்டைகள் கருவுற்றன, முளையம் வளர்ந்தது. ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. விளக்கை எடுத்த பிறகு இட்ட முட்டைகள் வழக்கம்போல் பொரித்தன.

பௌர்ணமி நிலவின் வெளிச்சம் ஒரு லக்ஸில் சிறு பங்குதான். 26 லக்ஸ் என்பது ஒளிர்ந்து நிற்கும் ஒரு கட்டடத்தின் அடியில் கிடைக்கக்கூடியது. மரைன் டிரைவில் வரிசையாக எழுந்திருக்கும் ஹோட்டல்களையும், கொட்டாஞ்சேனை மேட்டிலிருந்து பார்த்தால் இரவிலும் பகலாக இருக்கும் துறைமுகத்தையும், கடலை நிரப்பி 269 ஹெக்டேயரில் உருவாக்கிய துறைமுக நகரத்தையும் இந்தக் கணக்கோடு சேர்த்து யோசிக்கலாம். ஆழமான திட்டுகளில் வாழும் கோமாளி மீனுக்கு இந்த வெளிச்சம் எட்டாது. அலைதடுப்புக் கல்லில் முட்டை ஒட்டும் சார்ஜன்ட் மேஜருக்கும் அதன் சிறிய உறவினங்களுக்கும் எட்டும். 1875இல் தொடங்கிக் கட்டிய தென்மேற்கு அலைதடுப்பு முதல் இன்றைய கட்டுமானம் வரை, கொழும்பு மீன்களுக்குக் கல்லுக்குக் குறை வைக்கவில்லை. இருட்டில்தான் குறை வைக்கிறது.

*

முட்டைக்குக் காவல் நிற்பவை பாறை மீன்களில் ஒரு பகுதிதான். ராஸ், கிளிமீன், களவாய், வண்ணாத்திமீன், சர்ஜன் மீன் எல்லாம் முட்டையை நீரிலேயே விட்டுவிடுபவை. வற்று நீரோட்டம் கடல் பக்கம் இழுக்கும் நேரம் பார்த்து, ஆணும் பெண்ணும் பாறைக்கு மேலே சரேலென்று எழும்பி, உச்சியில் முட்டையும் விந்தும் கலந்த ஒரு வெண்புகையை விட்டுத் திரும்பி விடும். ஒரு நொடிகூட ஆகாது. ராஸ் மீனின் முட்டை பெரும்பாலும் முக்கால் மில்லிமீற்றரைத் தாண்டாது. உள்ளே ஒரு எண்ணெய்த் துளி. ஒரு நாளைக்குள் பொரித்துவிடும்.

பொரித்தது என்று சொல்லத்தான் வேண்டுமா என்று தோன்றும். வெளியே வரும் உயிருக்கு வாய் இல்லை. கண்ணில் நிறமி இல்லை, ஆகவே பார்வையும் இல்லை. கருவூண் பையில் தலைகீழாகத் தொங்கியபடி மிதக்கும் ஒன்றரை மில்லிமீற்றர் நூல். இரண்டு மூன்று நாட்களில் கருவூண் தீர்கிறது. அதற்குள் கண் கறுத்து, வாய் பிளந்து, குடல் திறந்தாக வேண்டும். திறந்தவுடன் பக்கத்தில் இரை இருந்தாக வேண்டும். மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இரை. அந்த உடல் பருமனுக்கு நீரே தேன்போல் பிசுபிசுப்பானது, வாலை அடிப்பதை நிறுத்திய இடத்திலேயே நின்றுவிடும். இரை தப்பினால் துரத்திப் போக முடியாது. நோர்வே நாட்டு மீன்வள அறிஞர் ஜொஹான் ஹ்ஜோர்ட் 1914இலேயே சொன்னார்: ஓர் ஆண்டில் எவ்வளவு மீன் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது தாய் மீன்களின் தொகையைவிட, குடம்பிகள் எனப்படும் இந்தக் குஞ்சுகள் முதல் உணவைக் கண்டுபிடிக்கும் சில நாட்கள்தான் என்று. நூறாண்டுக்கு மேலாகியும் அந்த எண்ணத்தைத் திருத்தியிருக்கிறார்களே தவிர யாரும் தூக்கி எறியவில்லை.

சிங்கமீன் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வைத்திருக்கிறது. பெண் சளிபோன்ற இரண்டு பந்துகளை விடும், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான முட்டை. பந்து மிதந்து போய், ஒன்றரை நாளில் பொரித்துக் கரைந்துவிடும். பென்னெட் 1828இல் இலங்கையிலிருந்து விவரித்த சிங்கமீன்தான் இன்று சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடலில் நுழைந்து, அங்குள்ள மீனவர்களுக்குத் தலைவலியாக இருக்கிறது. 1991இல் இஸ்ரேல் கரையில் ஒன்று அகப்பட்டது. 2012க்குப் பிறகு பரவல் வேகமெடுத்தது. வளர்ந்த மீன் சோம்பேறி. அவ்வளவு தூரம் போனதில் பெரும் பங்கு முட்டைக்கும் குடம்பிக்கும்தான்.

*

திறந்த கடலில் வளரும் குடம்பி பெற்றோரைப் போலவே இருக்காது. வண்ணாத்திமீனின் குடம்பிக்குத் தலையைச் சுற்றி எலும்புக் கவசம். சர்ஜன் மீனின் குடம்பி ஊடுருவிப் பார்க்கக்கூடிய ஒரு வட்டத் தட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் முன்னதைத் தொலிக்திஸ் என்றும் பின்னதை அக்ரோனூரஸ் என்றும் தனித்தனிப் பேரினங்களாகவே பதிவு செய்தார்கள். குழந்தைகளுக்குத் தனி இனப்பெயர்! அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நாமும் அதையே செய்திருப்போம்.

கோமாளி மீன் ஒன்றரை, இரண்டு வாரத்தில் உருமாறிப் பாறைக்குத் திரும்பிவிடும். சர்ஜன் மீன்கள் ஒன்றரை, இரண்டு மாதம் மிதக்கும். நொடிக்கு 20 சென்ரிமீற்றர் நீரோட்டம் நாளைக்கு 17 கிலோமீற்றர் கொண்டுபோகும். 50 நாளில் அது 850 கிலோமீற்றரைத் தாண்டும். மாலைதீவுக்கும் கொழும்புக்கும் இடைப்பட்ட தூரத்தைவிட அதிகம். தீவுக்குத் தெற்கே நீரோட்டம் தென்மேற்குப் பருவத்தில் கிழக்கே ஓடும், வடகீழ்ப் பருவத்தில் மேற்கே திரும்பும். வெறும் மிதவையாக இருந்தால் கொழும்புத் திட்டில் பிறந்த சர்ஜன் மீன் திரும்பி வருமென்று பந்தயம் கட்ட முடியாது.

நீண்ட காலம் அப்படித்தான் நம்பினார்கள்: குடம்பிகள் நீரோட்டத்தின் கையில், பாறைகள் ஒன்றுக்கொன்று பிள்ளைகளைப் பரிமாறிக்கொள்கின்றன என்று. 1999இல் ஜெஃப்ரி ஜோன்ஸ் குழு இதை ஆட்டிப் பார்த்தது. ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில், பாறையில் ஒட்டியிருந்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட டாம்சல் மீன் முட்டைகளை டெட்ராசைக்கிளின் கரைசலில் நனைத்தார்கள். அது முளையத்தின் காதுக்கல்லில் படிந்து, ஒளிரும் அடையாளமாக நின்றுவிடும். பிறகு தீவுக்கு வந்து சேர்ந்த சுமார் 5,000 குஞ்சுகளைப் பிடித்துக் காதுக்கல்லை அறுத்துப் பார்த்தார்கள். பதினைந்தில் அடையாளம் இருந்தது. முட்டைகளில் சிறு பங்குக்குத்தான் அடையாளமிட்டிருந்தார்கள் என்பதால் இந்தப் பதினைந்து பெரிய எண்: வந்து சேர்ந்தவற்றில் 15 முதல் 60 விழுக்காடு வரை அந்தத் தீவிலேயே பிறந்தவை என்று கணக்கு சொன்னது.

எப்படித் திரும்புகின்றன? முதல் நாட்களில் ஆழத்தை மாற்றிக்கொள்வதுதான் அவற்றால் முடிந்தது. மேல் நீரும் கீழ் நீரும் வேறு திசையில் ஓடும்போது அதுவே போதும். கடைசி நாட்களில் குடம்பி நல்ல நீச்சல்காரன். பாறையின் இரைச்சல், சொடுக்கு இறால்களின் படபடப்பு, மீன்களின் உறுமல் எல்லாம் இரவில் நெடுந்தூரம் கேட்கும். 2005இல் ஸ்டீஃபன் சிம்சன் குழு செயற்கைத் திட்டுகளில் ஒலிபெருக்கி வைத்து இந்த ஓசையைப் போட்டபோது, மௌனத் திட்டுகளைவிட அங்கே அதிகக் குஞ்சுகள் வந்து இறங்கின. கப்பல் இயந்திரங்கள் ஓயாத ஒரு துறைமுகத்தின் பக்கத்தில் குடம்பி எதைக் கேட்கும் என்பது கொழும்புக்காரர் கேட்க வேண்டிய கேள்வி.

மேல் நீரில் வேறு என்ன இருக்கிறது? முகத்துவாரத்துக்கு வடக்கே, மட்டக்குளியின் காக்கைத்தீவில் நீர்வாழ் வளங்களை ஆராயும் நாரா நிலையம் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே களனி கங்கை தன் சேற்றைக் கடலில் கொட்டுகிறது. நகரத்தின் கழிவுநீர் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் குழாய் வழியாகக் கடலுக்குள் போகிறது. நீரில் மிதக்கும் சேறு கோமாளி மீன் குடம்பியின் உருமாற்றத்தைத் தாமதப்படுத்துகிறது என்று 2014இல் அமீலியா வெங்கர் குழு காட்டியது. கலங்கிய நீரில் இரை தெரியாது. ஒரு நாள் தாமதம் என்றால் எதிரியின் வாயில் விழ இன்னொரு நாள்.

2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு வெளியே ‘எக்ஸ்-பிரஸ் பேர்ள்’ கப்பல் தீப்பிடித்தது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் அதில் இருந்தன. கரையில் ஒதுங்கியதைத்தான் எல்லோரும் படமெடுத்தோம். உண்மையில் ஒரு குடம்பி அந்த மணியை விழுங்க முடியாது, மணி அதன் முழு உடல் அளவு. கவலை எரிந்த பிளாஸ்டிக்கைப் பற்றியது. ஆஷா டி வொஸ் முதலானோர் ஆராய்ந்தபோது எரிந்த துண்டுகள் எளிதில் நொறுங்குவதும், அவற்றில் இரசாயனக் கலவை எரியாத மணிகளைவிட மிகச் சிக்கலாக இருப்பதும் தெரிந்தது. நொறுங்கியது எந்த அளவில் முடிகிறதோ அந்த அளவுதான் குடம்பியின் வாய்க்குப் பொருத்தம்.

*

இந்தக் குஞ்சுகளின் கதை கொழும்பில் பணக் கதையும்கூட. இலங்கை பல பத்தாண்டுகளாக அலங்கார மீன் ஏற்றுமதி செய்கிறது. நன்னீர் மீன்களைப் பண்ணையில் வளர்க்கிறார்கள். கடல் மீன்களோ பெரும்பாலும் பாறையில் பிடித்தவை. முருகைக்கல்லின் மேல் எடைகட்டிப் போர்த்தும் மொக்சி வலை கல்லை உடைப்பதால் தடை செய்யப்பட்டது. 1998ஆம் ஆண்டு விதிகள் சில இனங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வைத்தன. அதே 1998இல் கடல் சூடேறி, ஹிக்கடுவையிலும் கற்பிட்டிப் பக்கமுள்ள பார் ரீஃபிலும் முருகைக்கல் பெருமளவு வெளுத்துச் செத்தது.

தொட்டியிலேயே வளர்த்தால் என்ன என்று கேட்கலாம். கோமாளி மீனில் முடியும். பாக்கு நீரிணைக்கு அப்பால் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் அதைச் செய்துகாட்டியிருக்கின்றன. காரணம், அது பொரிக்கும்போதே கண்ணும் வாயும் தயார். ரொட்டிஃபர் என்ற நுண்விலங்கை அன்றே தின்னும், சில நாளில் ஆர்ட்டீமியாக் குஞ்சுக்கு மாறும். தகப்பன் விசிறிய அந்த ஒரு வாரம்தான் இதற்கெல்லாம் மூலதனம்.

நீல உடலும் கறுப்பு முகமும் மஞ்சள் முதுகுத் துடுப்பும் கொண்ட வெண்மார்பு சர்ஜன் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். 1833இல் இன்னொரு பென்னெட், லண்டன் விலங்கியல் சங்கத்தின் எட்வர்ட் டேர்னர் பென்னெட், இலங்கை மாதிரியைக் கொண்டு பெயரிட்டது. கடைத் தொட்டியில் முதலில் கண்ணை இழுப்பதும் இதுதான். இதன் குடும்பத்து மீன்களை வளர்ப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு, ‘ஃபைண்டிங் நீமோ’ படத்தின் டோரியே சாட்சி. படத்தின் நாயகன் இனத்தை உலகமெங்கும் வீட்டுத் தொட்டிகளில் பொரித்துக்கொண்டிருந்தபோது, டோரியின் இனத்தை முதல்முறை முட்டையிலிருந்து வளர்த்தெடுத்தது 2016இல், ஃபுளோரிடாப் பல்கலைக்கழக ஆய்வகத்தில். அதற்கு ஓராண்டு முன் ஹவாயில் மஞ்சள் சர்ஜன் மீன். இரண்டிலும் அவர்கள் முக்கியமாக வளர்க்கக் கற்றுக்கொண்டது கோப்பிபொட்டு என்ற சிறு ஓட்டுயிர்களின் குஞ்சுகளை. வாய் திறந்த மூன்றாம் நாள் குடம்பிக்கு முன்னால், அது விழுங்கக்கூடிய அளவில், சரியான நேரத்தில், சரியான செறிவில் அவை நீந்திக்கொண்டிருக்க வேண்டும். கோப்பிபொட்டு வளர்க்கும் அறையில் பாசி வளர்ப்புக்கு வெளிச்சம் வேண்டும். பாசிக் குடுவை ஒரு நாள் கெட்டால் கோப்பிபொட்டு பட்டினி, அடுத்த நாள் மீன் பட்டினி. மண்டபத்திலோ காக்கைத்தீவிலோ யாராவது இந்தச் சங்கிலியைப் பல மாதம் அறுபடாமல் ஓட்டினால், பாறையில் பிடிப்பதற்குப் பதிலாகத் தொட்டியில் பொரித்த சர்ஜன் மீனைப் பெட்டி போட்டுக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு அனுப்பலாம்.